மறு: ஆஃப்லோடு – சுமையிறக்கமா, தோள்மாற்றா?

எல்லாருக்கும் வணக்கம்,

ஆஃப்லோடு, அதாவது பிராசசர் செய்ய வேண்டிய வேலையை நெட்வொர்க் கார்டிடம் ஒப்படைப்பது, இதற்குத் தமிழில் 'சுமையிறக்கம்' போடுவதா, நான் சொல்லும் 'தோள்மாற்று' போடுவதா என்பதுதான் பேச்சு.

> 'சுமையிறக்கம்' என்றே வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே, எல்லாருக்கும் புரிகிறதுதானே.

புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. போன மாதம் இரண்டு நாள் இந்த ஒரு சொல்லோடு சர்வர் அறையில் மல்லுக்கட்டியவன் நான். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேவிஎம் (ஒரு கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வசதி) ஓடும் ஒரு லினக்ஸ் சர்வர், அதில் 10 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு. டேக் (ஒரே கம்பியில் ஓடும் தனித்தனி நெட்வொர்க்குகளான வீலேன்களில் ஒரு பொதி, அதாவது பாக்கெட், எதைச் சேர்ந்தது என்று காட்டும் அடையாளம்) இல்லாத நெட்வொர்க்கில் இருக்கும்போது ஒரு மெய்நிகர் கணினியிலிருந்து வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டினால் நொடிக்கு 9.4 ஜிகாபிட் வருகிறது. அதே மெய்நிகர் கணினியை வீலேன் 120-இன் பிரிட்ஜுக்கு (மெய்நிகர் கணினிகளை நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) மாற்றினால் 3-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "டேக் சேர்ந்தால் பொதி பெருக்கும், வேகம் குறையத்தான் செய்யும்." சரி, எவ்வளவு பெருக்கும்? வீலேனுக்கான தரநிலையான 802.1கியூ சொல்லும் டேக் மொத்தமே 4 பைட். 1500 பைட் எம்டியூவில் (ஒரு பொதிக்கான உச்ச அளவு) ஒரு முழுப் பொதி, முன்னொட்டு, இடைவெளி எல்லாம் சேர்த்துக் கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கிறது, அதில் நம் தரவு 1448. டேக் போட்டால் 1542. அதாவது 94.1 விழுக்காடு 93.9 ஆகும், அவ்வளவுதான். 4 பைட்டுக்கு 6 ஜிகாபிட்டைப் பலி கொடுக்கும் கணக்கு எங்கேயும் கிடையாது.

பிராசசர் பயன்பாட்டைக் காட்டும் டாப் கட்டளை போட்டுப் பார்த்தால் மெய்நிகர் கணினியின் பொதிகளைக் கடத்தும் விஹோஸ்ட் இழை ஒன்று 100 விழுக்காட்டைத் தொட்டு நின்றது, பிராசசரின் மற்ற கோர்கள் எல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தன. அப்புறம்தான் கார்டின் அமைப்புகளைப் பார்க்க உதவும் ஈத்டூல் கட்டளை ஞாபகம் வந்தது (சின்ன கே போட்டால் காட்டும், பெரிய கே போட்டால் மாற்றும், இதைக் குழப்பி ஒருமுறை அடி வாங்கியிருக்கிறேன், அது வேறு கதை). கார்டின் பெயரைக் கொடுத்துக் கேட்டால் டிசிபி செக்மென்டேஷன் (துண்டாக்கம்) ஆஃப்லோடு 'ஆன்' என்றது. நல்ல வேளை அதோடு விடவில்லை. வீலேன் இடைமுகத்தின் பெயரைக் கொடுத்துக் கேட்டேன். அங்கே 'ஆஃப்', பக்கத்திலேயே சதுர அடைப்புக்குள் 'ரிக்வெஸ்டட் ஆன்'. கேட்டது ஆன், கிடைத்தது ஆஃப்.

நடந்தது இதுதான். மெய்நிகர் கணினி தரவைச் சின்னச் சின்னதாக அனுப்புவதில்லை, 64 கிலோபைட் வரை ஒரே மூட்டையாகக் கட்டித் தள்ளிவிடுகிறது. அதைச் சுமார் 45 பொதிகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தலைப்பு ஒட்டி, சரிபார்ப்புத் தொகை போடுவது கார்டின் வேலை. கார்டை இயக்கும் எங்கள் பழைய டிரைவர் மென்பொருளோ டேக் இல்லாத மூட்டையை வெட்டும் பொறுப்பை மட்டும்தான் ஏற்றுக்கொண்டிருந்தது. டேக் போட்ட மூட்டை வந்தால் கை விரித்துவிடும். அப்போது லினக்ஸின் மையமான கர்னல் என்ன செய்யும்? தானே உட்கார்ந்து வெட்டும், அந்த ஒற்றைக் கோரில். புது டிரைவர் போட்டோம், வீலேன் இடைமுகத்திலும் 'ஆன்' வந்தது, 9.3-ஐத் தொட்டது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். மேலே 'ஆஃப்' என்று வந்த வரியை "துண்டாக்கச் சுமையிறக்கம்: இல்லை" என்று தமிழில் போட்டால் படிப்பவர் என்ன நினைப்பார்? லாரியில் லோடு இறக்குவதைப்போல, சுமை இறங்கினால் வேலை முடிந்தது என்றுதானே? இங்கே வேலை முடிவதே இல்லை, இவர் செய்யாவிட்டால் அவர் செய்தாக வேண்டும். போதாக்குறைக்கு நாம் ஏற்கனவே பதிவிறக்கம், தரவிறக்கம் என்று இரண்டு 'இறக்கம்' வைத்திருக்கிறோம். நெட்வொர்க் பற்றிய பக்கத்தில் மூன்றாவதாக ஓர் இறக்கம் வந்தால் எதையோ டவுன்லோடு செய்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

அதனால்தான் 'தோள்மாற்று'. எங்கள் ஊர்த் திருவிழாவில் சாமி தூக்குகிறவர்கள் தெருமுனை வந்ததும் "தோள் மாத்து" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். பல்லக்கு கீழே இறங்காது, ஊர்வலம் நிற்காது, ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் பாரம் போகும். மாற்ற ஆள் வரவில்லையா, முதலில் தூக்கியவரே பல்லைக் கடித்துக்கொண்டு நடக்க வேண்டும். எங்கள் கோருக்கு நடந்தது அச்சு அசலாக இதுவேதான்.

> பாடைக்கும் தோள் மாற்றுவார்கள், அமங்கலமாக இருக்காதா?

இருக்கட்டுமே. பிராசஸைக் 'கொல்' என்று கூசாமல் எழுதுகிற நமக்கு இது என்ன பெரிய அமங்கலம்.

> 'தோள்கொடுப்பு' இன்னும் இயல்பாக இருக்கிறதே?

இதில் கொஞ்சம் தடுமாறினேன், பேச்சில் நன்றாகவே ஒலிக்கிறது. ஆனால் தோள் கொடுப்பது என்றால் கூடச் சேர்ந்து சுமப்பது. கார்டு கூடச் சுமப்பதில்லை, அந்த வேலையை முழுசாக வாங்கிக்கொள்கிறது. 'கைமாற்று' என்று இன்னொருவர் சொன்னதற்கும் இதே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்: அது மாதக் கடைசியில் பக்கத்து வீட்டில் வாங்கும் கடன், அதைத் தொட வேண்டாம்.

துண்டாக்கத் தோள்மாற்று, சரிபார்ப்புத் தொகைத் தோள்மாற்று, வீலேன் தோள்மாற்று என்று கூட்டுச்சொல் தடையில்லாமல் வருகிறது. வினையாக்கினாலும் "இந்தப் பணி கார்டுக்குத் தோள்மாற்றப்பட்டது" என்று எழுதலாம், கொஞ்சம் கரடுமுரடுதான், பழகிவிடும்.

டேக் என்பதற்கு மட்டும் 'குறிச்சொல்' வேண்டாம். அதில் இருப்பது 12 பிட் எண், சொல்லே கிடையாது. 'சீட்டு' என்று போட்டு 'சீட்டிட்ட பொதி' என்று எழுதிப் பார்த்தேன், எனக்குச் சரியாகத்தான் படுகிறது. யாருக்காவது சீட்டுக் கம்பெனி ஞாபகம் வந்து தொலைத்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், அன்று ராத்திரி மொழிபெயர்ப்புக் கோப்பை (ஃபைலை) ஏற்றுகிறேன்.