மறு: 'வேல்யூ'வுக்கு எந்தச் சொல்? என் முன்மொழிவு: ஒளிமட்டம்

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

ஓவியத்தில் ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பதைக் குறிக்கும் 'வேல்யூ' (டோன் என்றும் சொல்வார்கள்) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த மடல் இழையில் இதுவரை மதிப்பு, தொனி, சாயல், அடர்த்தி என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. 'டோன் என்றே விட்டுவிடலாமே' என்ற குரலும் இருக்கிறது. வார இறுதி வகுப்பில் அக்ரிலிக்கில் நிலக்காட்சி ஓவியம் கற்றுக்கொள்கிறவன் நான். தூரிகையை எடுத்தாலே இந்தச் சொல் தேவைப்படுகிறது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எந்தக் கருத்துக்குப் பெயர் தேடுகிறோம் என்பதில் சில மடல்களில் குழப்பம் தெரிகிறது. அதை முதலில் பார்த்துவிடலாம்.

ஒரு நிறத்தைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கலாம். பச்சையா, நீலமா, மஞ்சளா? பளிச்சென்று இருக்கிறதா, மங்கிச் சாம்பல் பூத்திருக்கிறதா? வெள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிறதா, கறுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறதா? அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் வெளியிட்ட நிற அளவுமுறை இந்த மூன்றையும் தனித்தனி அளவுகளாகப் பிரித்தது. மூன்றாம் கேள்விக்கான விடைதான் வேல்யூ. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 10, நடுவில் சாம்பல் படிகள்.

எலுமிச்சை மஞ்சளையும் அல்ட்ராமரின் நீலத்தையும் குழாயிலிருந்து பிதுக்கிப் பக்கத்தில் வையுங்கள். இரண்டுமே பளிச்சென்ற நிறங்கள்தான். கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தால் மஞ்சள் ஏறக்குறைய வெள்ளையாகவும் நீலம் ஏறக்குறைய கறுப்பாகவும் தெரியும். இரண்டாம் கேள்வியும் மூன்றாம் கேள்வியும் வேறு வேறு என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

> அடர்பச்சை, அடர்நீலம் என்கிறோமே. 'அடர்த்தி' என்றே வைத்துவிட்டால் என்ன?

இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் பரிந்துரை. 'அடர்சிவப்பு' என்று கேட்டால் கடைக்காரர் பளீரென்ற குங்குமச் சிவப்பை எடுத்துக் கொடுக்கலாம். கறுத்த மரூனையும் கொடுக்கலாம். இரண்டுமே சரி என்றுதான் பேச்சுவழக்கு ஏற்கும். பிரிக்க வேண்டிய இரண்டையும் 'அடர்' ஒன்றாகக் கட்டிவிடுகிறது. 'வெளிர்' என்ற சொல்லுக்கும் இதே சிக்கல் உண்டு. வெளிர்நீலம் வெளிச்சமான நீலமா, சாயம் போன நீலமா என்று சொல்ல முடியாது.

ஆனால் தமிழ் பிரித்துப் பேசும் இடங்களும் இருக்கின்றன. வயல் பச்சைப்பசேல் என்று இருக்கிறது என்றால் யாரும் கறுத்துக் கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பச்சையின் பளிச்சு முழுமையாக இருக்கிறது என்று பொருள். செக்கச்செவேல் என்பதும் அப்படியே. கரும்பச்சை, இளம்பச்சை என்னும்போதோ பேச்சு வேறு திசையில் போகிறது. இருளும் வெளிச்சமும் பற்றிய பேச்சு அது. ஆக, அந்த வேறுபாடு நம் காதுக்கு ஏற்கெனவே பழக்கம்தான். அதற்கு ஒரு பெயர்ச்சொல்தான் இல்லாமல் இருக்கிறது.

இனி மற்ற மூன்று சொற்கள். 'மதிப்பு' கணிதத்தில் நல்ல சொல். ஓவியத்தில் 'இந்த மரத்தின் மதிப்பு குறைவு' என்றால் விலை பற்றிய பேச்சாகத்தான் கேட்கும். அகராதியில் இருக்கிறது என்பது மட்டும் போதாது.

'தொனி'யை முன்வைத்த ஐயாவின் வாதத்தை மதிக்கிறேன். டோன் என்ற சொல்லே இசையிலிருந்து ஓவியத்துக்கு வந்ததுதானே என்கிறார். ஆனால் நம் இலக்கிய விமரிசனத்தில் தொனி ஆழமாக வேரூன்றிவிட்டது. ஓவியம் பற்றிய கட்டுரையில் 'சோகத் தொனி' என்று எழுதவும் அது தேவை. அதை இங்கே இழுத்தால் இரண்டு பக்கமும் குழம்பும்.

'சாயல்' விஷயத்தில் எனக்குப் பிடிவாதமே உண்டு. அது நல்ல சொல் இல்லை என்பதால் மறுக்கவில்லை. அதற்கு வேறு வேலை காத்திருக்கிறது. நிறம் கலக்கிறவர்களுக்கு நிறத்தின் சாய்வு பெரிய விஷயம். எலுமிச்சை மஞ்சளில் பச்சைச் சாயல் உண்டு, சில காட்மியம் மஞ்சள்களில் ஆரஞ்சுச் சாயல். அல்ட்ராமரினில் ஊதாச் சாயல், தாலோ நீலத்தில் பச்சைச் சாயல். எலுமிச்சை மஞ்சளோடு தாலோ நீலம் சேர்ந்தால் கண்ணைக் கூசவைக்கும் பச்சை வரும். ஆரஞ்சுச் சாயலுள்ள மஞ்சளோடு அல்ட்ராமரின் சேர்ந்தால் காட்டுப் பச்சை, கொஞ்சம் மங்கியது, இலைதழைக்கு ஏற்றது. இதை 'சாயல்' இல்லாமல் சொல்லிப் பாருங்கள், முடியாது. அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

சரி, ஒளிமட்டத்துக்கு வருகிறேன்.

நீர்மட்டம், கடல்மட்டம் எல்லாம் நாளிதழ் படிக்கும் எவருக்கும் தெரியும். மட்டம் ஏறும், இறங்கும், அளக்கலாம், எண்ணால் குறிக்கலாம். 'இரண்டும் ஒரே மட்டம்' என்பது பேச்சிலேயே இருக்கிறது. ஓவிய ஆசிரியர் மாணவன் பின்னால் நின்று ஒரே மூச்சில் சொல்லும்படி இருக்க வேண்டும் என்பதே இந்த வகைச் சொல்லுக்கு நான் வைக்கும் சோதனை. 'அந்த மலையோட ஒளிமட்டத்தை இரண்டு படி ஏத்துங்க.' 'மரமும் நிழலும் ஒரே ஒளிமட்டத்துல இருக்கு, பிரியல.' இரண்டும் நாக்கில் தடுக்கவில்லை. 'மதிப்பை ஏத்துங்க', 'தொனியை ஏத்துங்க' என்று சொல்லிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

நிலக்காட்சிக்கு இந்தச் சொல் இவ்வளவு முக்கியமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். மற்றெதையும்விட நிலக்காட்சிக்குத்தான் முக்கியம் என்பேன். கோடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நின்று பார்த்தால் மலைக்குப் பின் மலையாக அடுக்கு தெரியும். எல்லாம் மரமும் புல்லும் மூடிய மலைதான், பச்சைதான். ஆனால் பின்னால் போகப் போக ஒவ்வொரு அடுக்கும் நீலமாகிறது, பளிச்சை இழக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக வெளிச்சமாகிறது. நமக்கும் மலைக்கும் இடையே உள்ள காற்று, சூரிய ஒளியில் நீலப் பகுதியை அதிகமாகச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது. அந்த ஒளி மலையின் இருட்டின் மேல் வந்து கூடுகிறது. அதனால்தான் தூரத்தில் முதலில் காணாமல் போவது கருமை. நிறத்தை ஓரளவு தவறாகக் கலந்தாலும் ஒளிமட்டம் சரியாக இருந்தால் மலை பின்னால் போய் நிற்கும். நிறம் மிகச் சரியாக இருந்தும் ஒளிமட்டம் தப்பினால் மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும்.

தூரம் இப்படி வெளிறித் தெரிவதை ஆங்கிலத்தில் ஏரியல் பெர்ஸ்பெக்டிவ் என்பார்கள். இதற்கு இழையில் 'வான்வழிப் பார்வை' என்ற மொழிபெயர்ப்பு வந்திருந்தது. அது விமானத்திலிருந்து பார்ப்பதைத்தான் நினைவூட்டும். நடப்பதை அப்படியே சொல்லி 'தொலைவு வெளிறல்' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. மேலே 'வெளிர்' வேண்டாம் என்றவன் இங்கே ஏற்பது ஏன் என்று கேட்பீர்கள். தொலைவில் வெளிச்சம் கூடுவதும் பளிச்சுக் குறைவதும் சேர்ந்தே நடக்கின்றன. இரண்டையும் ஒன்றாகச் சொல்லும் சொல்தான் இங்கே வேண்டும். தவிர, சித்திரை வெயிலில் தூசியும் ஈரமும் நிறைந்த காற்றில் தூரம் நீலமாகாமல் சாம்பல் வெள்ளையாகத்தான் போகிறது. பெரிய துகள்கள் எல்லா நிற ஒளியையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிப்பதே காரணம். 'நீலமாதல்' என்று பெயர் வைத்திருந்தால் நம்மூர்க் கோடைக்குப் பொருந்தியிருக்காது.

மலை இல்லாத இடத்திலும் கதை இதுதான். காவிரிப் படுகையில் ஒரு வயல்வெளியை எடுத்துக்கொள்ளுங்கள். வானம் ஒளியின் ஊற்று, அதன் ஒளிமட்டம்தான் பெரும்பாலும் உச்சம். படுத்துக் கிடக்கும் வயல் வானத்து ஒளியை நேராக வாங்குவதால் அடுத்த நிலை. நிமிர்ந்து நிற்கும் தென்னையும் பனையும் மேலிருந்து வரும் ஒளியைக் குறைவாகவே வாங்குவதால் கீழ்நிலை. தொடக்க மாணவர்கள் வயலுக்கும் தென்னைக்கும் ஒரே பச்சையைப் பூசிவிட்டு, ஏன் தட்டையாக இருக்கிறது என்று தவிப்போம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் நிறங்கள் மங்கி ஒளிமட்டங்கள் மட்டும் மிஞ்சும். எல்லா வகுப்பிலும் சொல்லித்தருகிற பழைய உத்திதான், இன்றும் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

ஒளிமட்டத்தை ஏற்ற எல்லோரும் கைநீட்டுவது டைட்டானியம் வெள்ளையை. அது ஒளிமட்டத்தை ஏற்றும்போதே செறிவையும், அதாவது நிறத்தின் பளிச்சையும், குறைக்கிறது, நிறத்தைக் குளிரவும் வைக்கிறது. வெயில் படும் நாற்றங்காலுக்கு வெள்ளையைக் கலந்தால் சுண்ணாம்பு பூசியது போலாகிவிடும். மஞ்சளைக் கலந்தால்தான் வெயில் வரும். இறக்குவதற்கும் கறுப்பு எப்போதும் நல்ல துணை இல்லை. மஞ்சளில் கறுப்பைச் சேர்த்தால் பாசிப்பச்சை வந்து நிற்கும். 'ஒளிமட்டத்தை ஏற்று, செறிவைக் குறைக்காதே' என்று ஒரே வரியில் கட்டளை சொல்ல முடிகிறதே, அதற்குத்தான் இரண்டு தனிச்சொற்கள் வேண்டும் என்கிறேன். இரண்டாம் கேள்விக்கு விடையான குரோமாவுக்குச் 'செறிவு' என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நம்புகிறேன். வேதியியல் பாடநூலின் 'தெவிட்டல்' ஓவியத்துக்கு ஒட்டவில்லை.

அக்ரிலிக்குக்கே உரிய இன்னொரு சிக்கல் இருக்கிறது. இழையில் யாரும் தொடவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீரில் கரைத்துப் பூசும் ஓவிய அக்ரிலிக் 1950களின் நடுவில்தான் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களும் நிறமித் தூளும் சேர்ந்த பால்மம். ஈரமாக இருக்கும்போது அந்தத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் பால்போல் வெண்மை கலந்து தெரிகிறது. தண்ணீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிறமற்ற படலமாகிவிடுகின்றன, வெண்மை போய்விடுகிறது. அதனால் தட்டில் பார்த்ததைவிடக் காய்ந்தபின் நிறம் கருத்துத் தெரியும். வெள்ளை அதிகம் கலந்த வானத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. மலையடிவாரத்துக் கரும்பச்சையில் நன்றாகவே தெரியும்.

> காய்ந்தபின் மாறுவதற்கு 'உலர் நிறமாற்றம்' என்று எங்கோ பார்த்த நினைவு.

அங்கே பெரிதாக மாறுவது நிறம் அல்ல. பச்சை பச்சையாகத்தான் இருக்கிறது. இறங்குவது ஒளிமட்டம். எனவே 'உலரிறக்கம்' என்று சொல்லலாமா? 'உலரிறக்கத்துக்கு இடம் விட்டு ஒரு படி கூட்டிக் கல' என்று சொன்னால் மாணவனுக்குச் செய்ய வேண்டியது உடனே புரியும். ஒரு காகிதத் துண்டில் தடவிக் காயவைத்துப் பார்த்துவிட்டுப் பூசுவது இதற்காகத்தான்.

அக்ரிலிக் சீக்கிரம் காய்வதைத் தள்ளிப்போடச் சேர்க்கும் நீர்மத்துக்கு 'உலர்தடுப்பி' என்று ஒருவர் சொல்லியிருந்தார். அது உலர்வதைத் தடுப்பதில்லை, நேரத்தை நீட்டுகிறது. 'உலர்நீட்டி' போதும். கிளேசிங்குக்கு 'மெருகூட்டல்' வேண்டாம். மெருகு கடைசியில் பூசும் வார்னிஷுக்குப் போகட்டும். காய்ந்த நிறத்தின் மேல் அடி தெரியும்படி மெல்லியதாகப் பூசுவது அது, 'ஒளிபுகு பூச்சு' என்றால் பள்ளி அறிவியல் படித்தவர்களுக்கே விளங்கும். அக்ரிலிக் காய்ந்தபின் தண்ணீரில் மீண்டும் கரையாது என்பதால் இந்தப் பூச்சைப் பயமில்லாமல் அடுக்கலாம். வரையும் பரப்பில் முதலில் பூசும் ஜெஸ்ஸோவுக்கு வீட்டுச் சுவர் பூசுகிறவர்கள் சொல்லும் 'அடிப்பூச்சு' அப்படியே பொருந்துகிறது.

ஒளிமட்டத்துக்கு வரக்கூடிய மறுப்பையும் நானே எடுத்துக்கொள்கிறேன். 'மட்டம்' என்றால் தாழ்ந்தது என்ற பொருளும் உண்டு. 'மட்டமான சரக்கு' என்கிறோம். தனிச்சொல்லாக, அதுவும் முன்னொட்டாக வந்தால் அந்தப் பொருள் எட்டிப் பார்க்கும். ஒளிமட்டம் மட்டுமே பார்த்து வரையும் சிறு பயிற்சிப் படத்தை 'மட்டப்படம்' என்று சுருக்கினால் மாணவர் மனம் நோகும். எனவே ஒரு விதி வைத்துக்கொள்வோம்: கூட்டுச்சொற்களில் 'ஒளி' விடுபடக் கூடாது. ஒளிமட்ட வரைவு, ஒளிமட்ட வரிசை என்றே எழுதுவோம். நீர்மட்டத்தில் யாருக்கும் இழிவுப் பொருள் தோன்றுவதில்லை அல்லவா, அதே பாதுகாப்பு இதற்கும் கிடைக்கும்.

'ஒளிநிலை'யையும் 'ஒளிப்படி'யையும் நானும் எடைபோட்டேன். வெளியில் போய் வரைகிறவருக்கு ஒளிநிலை என்றால் காலை வெயிலா, மேகமூட்டமா என்ற கேள்விதான் எழும். ஒளிப்படி ஒளிப்படத்தோடும் நகலோடும் மோதுகிறது.

'டோன்' என்றே விடலாம் என்பவர்களுக்கு: வகுப்பில் தாராளமாகச் சொல்லட்டும், நானும் சொல்கிறேன். ஆனால் தமிழில் ஒரு பயிற்சிக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் டோன் ஓரிடத்தில் நிறமாகவும் ஓரிடத்தில் இருளாகவும் வந்து விழுகிறது. படிக்கிறவருக்கு எதை மாற்றுவது என்று தெரிவதில்லை.

தொகுப்பாளர் ஐயா, கலைச்சொல் பட்டியலில் சேர்ப்பதானால் விளக்கம் இப்படி இருக்கலாம்:

ஒளிமட்டம்: ஒரு நிறம் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே எந்தப் படியில் நிற்கிறது என்பதன் அளவு. நிறத்தையும் செறிவையும் சாராதது. ஏற்றலாம், இறக்கலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் அண்ணா ஒரு தகவல் தர வேண்டும். அங்கே பள்ளிச் சித்திரப் பாடத்தில் இதற்கு என்ன சொல் புழங்குகிறது? மாணவர்கள் ஏற்கெனவே படித்துப் பழகிய சொல் ஒன்று இருந்து, அது செறிவோடு குழம்பாமலும் இருந்தால், என் முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அதற்கே என் ஆதரவைத் தருவேன்.

அன்புடன்,
ஓர் ஓவிய மாணவன்