ஸ்மிதா பாட்டீல் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

பின்வரிசை:
இந்தி, மராத்தி நடிகை ஸ்மிதா பாட்டீலோட திரைவாழ்க்கையை முறையா புரிஞ்சுக்கணும்னு ஆசை. ஏழெட்டு படம் பார்க்கலாம்னு இருக்கேன். எதுல ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. ஆண்டுக் கணக்கும் குழப்புது. ‘சக்ரா’ ஒரு இடத்துல 1980, இன்னொரு இடத்துல 1981. ‘மிர்ச் மசாலா’ 1986ன்னும் இருக்கு, 1987ன்னும் இருக்கு. அப்புறம் 1982ல ‘பஜார்’, ‘அர்த்’ மாதிரி கனமான படங்கள்ல நடிச்சவரே அதே வருஷம் ‘நமக் ஹலால்’ங்கிற மசாலாப் படத்துல மழைப் பாட்டுக்கும் ஆடியிருக்கார். அது ஏன்? ‘சிதம்பரம்’னு ஒரு மலையாளப் படம் இருக்காமே, நம்ம சிதம்பரத்தோட அதுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

மூன்றாம்மணி:
முதலில் ஆண்டுக் குழப்பம். தேசிய விருதுக்குக் கணக்கு, படம் தணிக்கைச் சான்றிதழ் வாங்கிய ஆண்டு. தியேட்டருக்கு வந்த ஆண்டு அல்ல. அதனால் ‘சக்ரா’வுக்குக் கிடைத்த சிறந்த நடிகை விருது 1980ஆம் ஆண்டுப் படங்களுக்கான 28ஆவது தேசிய விருதில் வருகிறது, படம் வெளியானதோ 1981. ‘மிர்ச் மசாலா’வும் அப்படித்தான்: விருதுப் பட்டியலில் 1986, திரைக்கு வந்தது 1987. குறிப்பு எழுதும்போது இரண்டில் ஒன்றை மட்டும் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். கலந்தால் வரிசை தப்பிவிடும்.

பிறப்பு 17 அக்டோபர் 1955, புனே. அப்பா சிவாஜிராவ் பாட்டீல் அரசியல்வாதி, அம்மா சமூகப் பணியாளர். பம்பாய் தூர்தர்ஷனில் மராத்திச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தவரை இயக்குநர் ஷியாம் பெனகல் படத்துக்கு அழைத்தார். 1975இல் குழந்தைகளுக்கான ‘சரண்தாஸ் சோர்’, அடுத்து ‘நிஷாந்த்’. இந்த இரண்டையும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

தொடக்கம் ‘மந்தன்’ (1976). குஜராத் பால் கூட்டுறவு பற்றிய கதை. 5 லட்சம் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம். பிந்து என்ற தலித் பெண்ணாக ஸ்மிதா. அவர் குந்தி உட்காருவது, எருமைக்குப் பக்கத்தில் நிற்பது, வெளியூர் டாக்டரை ஏற இறங்கப் பார்ப்பது, இதையெல்லாம் கவனியுங்கள். வசனத்தைவிட உடம்பு அதிகம் பேசும். இவர் நடிப்பின் சாவி அதுதான் என்பது என் கருத்து: வேலை செய்கிற பெண்ணின் உடம்பு அவருக்கு வசப்பட்டிருந்தது. 4கே தரத்தில் சீரமைத்த பிரதி 2024இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. முடிந்தால் அதையே பாருங்கள்; பழைய பிரதிகளில் புழுதியும் முகமும் ஒரே நிறமாகிவிடும்.

இரண்டாவது ‘பூமிகா’ (1977). மராத்தி நடிகை ஹன்சா வாட்கரின் தன்வரலாற்றிலிருந்து எடுத்தது. 22 வயதுகூட ஆகாதவர் பருவப் பெண்ணிலிருந்து வளர்ந்த மகளுக்குத் தாய் வரை போகிறார். தலை நரைக்கவைத்து வயதைக் காட்டும் வேலை இல்லை. நடை தளர்கிறது, குரல் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். அம்ரீஷ் புரி நடிக்கும் பாத்திரத்தின் வீட்டில் ஸ்மிதா அடைபட்டுக் கிடக்கும் பகுதியை இரண்டு தடவை பாருங்கள். முதல் தேசிய விருது இதற்குத்தான்.

பிறகு ‘சக்ரா’, சத்யஜித் ராயின் ‘சத்கதி’ (1981, தூர்தர்ஷனுக்காக எடுத்தது, ஒரு மணி நேரத்துக்கும் குறைவு), ‘உம்பர்டா’, ‘அர்த்’. கடைசியில் ‘மிர்ச் மசாலா’.

கொட்டகை:
மூன்றாம்மணி சார் சொன்ன வரிசையில ஒண்ணு விட்டுப்போச்சு: மிருணாள் சென்னோட ‘அகாலேர் சந்தானே’. 1943 வங்கப் பஞ்சத்தைப் படமெடுக்க 1980ல ஒரு கிராமத்துக்கு வர்ற சினிமாக் குழுவோட கதை. ஸ்மிதா அதுல நடிகை ஸ்மிதாவாவே வர்றார். அந்தப் படத்துக்குள்ள எடுக்கிற படத்துல பஞ்சத்துல அடிபட்ட பெண்ணாவும் வர்றார். இந்த ரெண்டும் ஒரே ஆள்ல எப்படி மாறுதுன்னு பார்க்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. ‘பூமிகா’வுக்கு அடுத்து இதை வைங்க.

வணிகப் பட விஷயம். அவர் காசுக்காகப் போயிட்டார்னு எழுதுறவங்க பாதிதான் எழுதுறாங்க. முதல் சில வருஷம் பெரிய படங்களை வேண்டாம்னே சொல்லிக்கிட்டிருந்தார். 70களோட கடைசியில சின்னப் படங்களுக்கே விற்பனைக்குப் பேர் தேவைப்பட்டுது. பெரிய நட்சத்திரங்களைத் தேடினாங்க. தன்னைச் சில படங்கள்ல இருந்து அப்படி நீக்கினாங்கன்னு அவரே பேட்டியில சொல்லியிருக்கார். பேர்தான் வேணும்னா பேர் சம்பாதிச்சுட்டு வர்றேன்னு எடுத்த முடிவு அது. ‘நமக் ஹலால்’, ‘சக்தி’ ரெண்டுமே அமிதாப்போட, ரெண்டுமே 1982.

அதே வருஷம் மராத்தியில ஜப்பார் பட்டேலோட ‘உம்பர்டா’. வீட்டை விட்டு, பெண்கள் காப்பகத்துக் கண்காணிப்பாளர் வேலைக்குப் போற சுலபா மகாஜன். என் கணக்குல அவரோட உச்சம் இதுதான், ‘மிர்ச் மசாலா’கூட இதுக்கு அப்புறம்தான். ‘சுபஹ்’னு இந்தியிலயும் இருக்கு, ஆனா மராத்தியிலயே பாருங்க. தாய்மொழியில பேசும்போது வாக்கியத்தை எங்க நிறுத்துறார், எங்க விழுங்குறார்ங்கிறது தெளிவா கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. 13 டிசம்பர் 1986ல, பிள்ளை பிறந்து 15 நாள்ல, பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கலால இறந்துட்டார். வயசு 31தான். அதுக்கப்புறமும் படங்கள் வந்துக்கிட்டே இருந்துது. 1988ல வந்த ‘வாரிஸ்’ல கேட்கிறது அவர் குரல் இல்லை, வேற ஒருத்தர் டப்பிங். அதை வெச்சு அவரோட கடைசிக் கால நடிப்பை எடை போட்டுடாதீங்க.

பின்வரிசை:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். ‘பூமிகா’ கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன். கலர்ல போய்க்கிட்டிருந்தது திடீர்னு கறுப்பு வெள்ளையாயிடுச்சு. பிரதி கோளாறா?

மூன்றாம்மணி:
கோளாறு இல்லை. கதையின் நிகழ்காலம் வண்ணத்தில், ஸ்மிதா நடிக்கும் உஷாவின் சிறுவயது நினைவுகள் கறுப்பு வெள்ளையில். ஒளிப்பதிவு கோவிந்த் நிஹலானி. காலம் முன்னும் பின்னும் தாவும். நிறம் மாறும் இடத்தைக் குறித்துக்கொண்டால் கதை பிடிபடும்.

ஆயிரங்கால்:
‘சிதம்பரம்’ கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஜி. அரவிந்தன் இயக்கம், 1985, ஒளிப்பதிவு ஷாஜி என். கருண். அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. களம் மூணாறு பக்கத்து மாட்டுப்பட்டிக் கால்நடைப் பண்ணை. அங்கே வேலை செய்யும் முனியாண்டி தன் ஊருக்குப் போய்க் கட்டிக்கொண்டு வரும் தமிழ்ப் பெண் சிவகாமிதான் ஸ்மிதா. முனியாண்டியாக ஸ்ரீனிவாசன்; பண்ணை அதிகாரி சங்கரனாக பரத் கோபி. தில்லை நடராசர் பக்கத்தில் நிற்பவள் சிவகாமி என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆகவே தலைப்பு கண்ணில் பட்டதுமே படம் எங்கே போகும் என்று ஊகித்துவிடுவீர்கள்.

வசனம் மிகக் குறைவு, சப்டைட்டில் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். முதல் பாதியில் மலையையும் பூவையும் அவர் வேடிக்கை பார்க்கும் காட்சிகளைத் தள்ளிவிடாதீர்கள். சிவகாமிக்கும் சங்கரனுக்கும் உறவு ஏற்படுகிறது; அவள் கணவன் முனியாண்டி தூக்கில் தொங்கிய பிறகு சங்கரன் குற்றவுணர்வோடு ஊர் ஊராக அலைந்து சிதம்பரம் கோவிலுக்கு வருகிறான். வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் காசு கொடுக்கக் குனிகிறான். அவள் முகத்தை நிமிர்த்துகிறாள். ஸ்மிதாவுக்கு அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. முதல் பாதியில் பார்த்த அதே கண்தான். அதன் பிறகு கேமரா கோபுரத்தில் ஏறத் தொடங்கிவிடும்.