ஹேர்பால் வரவே இல்லை, ஆனாலும் இருமல்: உங்க பூனை அனுபவங்கள்

மீசைக்காரி:
எங்க பூனை இருமிக்கொண்டே இருந்தது. ஆளாளுக்கு "ஹேர்பால்தான்" (நக்கி விழுங்கின முடி வயிற்றில் உருண்டையாகிறது) என்றார்கள். ஒரு ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். வயிறு தரையோடு ஒட்டியிருக்கு, முழங்கை இரண்டும் வெளியே துருத்திக்கொண்டு, கழுத்து முன்னால் நீண்டு கிடக்கு. இருமி முடித்ததும் ஒரு விழுங்கல், உதட்டை ஒரு நக்கு, ஒன்றுமே நடக்காத மாதிரி போய்ப் படுத்துக்கொண்டது. தரையில் ஒரு சொட்டு இல்லை. அந்த விழுங்கல்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. போன் வீடியோவை டாக்டர் பாதிகூடப் பார்க்கவில்லை. "வாந்தின்னா வயிறு எக்கி எக்கி அடிக்கும், இதுல அது இல்ல. சளி தொண்டைக்கு வந்தா பூனை துப்பாது, முழுங்கிடும்" என்றார். எக்ஸ்ரே, ஆஸ்துமா, ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. இப்போ பரவாயில்லை.

சாம்பல்வால்:
எங்களுக்கு இருமலே கிடையாது, விழுங்கல் மட்டும். வாய் காலி, ஆனா மடக் மடக்னு சத்தம். நடுநடுவே தும்மல், ஒரு பக்க மூக்குல மட்டும் சளி. மயக்கம் கொடுத்து, மேல் அண்ணத்தோட பின்பக்கம் இருக்கிற மென்சதையை முன்னால இழுத்துப் பார்த்தாங்க. பின்னாலேர்ந்து ஒரு புல்! பச்சை மாறாம, என் விரலைவிட நீளம். இழுக்க இழுக்க வந்துக்கிட்டே இருந்தது. குப்பியில போட்டுக் கொடுத்தாங்க, தூக்கிப்போட இன்னும் மனசு வரல.

தோட்டத்துப்புலி:
@மீசைக்காரி எக்ஸ்ரேயில் ஆஸ்துமா என்று எழுதியா இருக்கும்? மூச்சுக்குழாய்ச் சுவர் தடித்துத் தெரியும், அவ்வளவுதான். நுரையீரல் புழு இருந்தாலும் கிட்டத்தட்ட அப்படித்தான். எங்க ஆள் நத்தையைத் தொட மாட்டான். ஆனால் நத்தை தின்ற எலி, பறவை வழியாகவும் புழு வரும். முதல் மலப் பரிசோதனையில் எதுவும் இல்லை, குஞ்சுப்புழு தினமும் வெளியேறாதாம். வற்புறுத்தி மறுபடி செய்ய வைத்தோம். நுண்ணோக்கியில் அது நெளிந்ததை எனக்கும் காட்டினார்கள், அன்று சோறு இறங்கவில்லை. ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்தில் இருமல் நின்றது. ஸ்டீராய்டு கொடுத்தால் புழு இருமலும் கொஞ்சம் அடங்கும், அதை நம்பி உட்காராதீர்கள்.

அரைத்தூக்கம்:
எங்க கதை சின்னது. டாக்ஸிசைக்ளின்னு ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரை உணவுக்குழாயில ஒட்டிப் புண்ணாயிடுச்சு. தட்டு முன்னால உட்கார்ந்து, வாய் வைக்காம, விழுங்கிக்கிட்டே இருந்தான். அந்த முகம் மறக்கல. யாரும் கேக்கலைன்னாலும் சொல்றேன்: மாத்திரை போட்டதும் சிரிஞ்சுல 5, 6 மில்லி தண்ணி விடுங்க. அடிக்கடி விழுங்கினா குமட்டலாவும் இருக்கும், ஈறு வலியாவும் இருக்கும். நாக்கைத் தூக்கிப் பாருங்க. அடியில நூல் சுத்தியிருந்தா இழுக்காதீங்க, மறுமுனை குடல்ல இருந்தா அறுத்துடும். தூங்கும்போது மூச்சை எண்ணுங்க, நிமிஷத்துக்கு 30-க்குள்ள இருக்கணும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினா வீடியோவெல்லாம் வேண்டாம், கிளம்புங்க. நம்ம இருமல் மருந்தைத் தொடவே தொடாதீங்க, சிலதுல பாராசிட்டமால் இருக்கும், அது பூனைக்கு விஷம். சிகரெட் புகை, ஸ்ப்ரே, தூசி பறக்குற லிட்டர் (பூனை மலம் போற மண்) மூணையும் நிறுத்துங்க. இதயமோன்னு பயப்படுறவங்களுக்கு: நாய்க்கு மாதிரி இல்ல, இதயக் கோளாறுல பூனை இருமுறது அபூர்வம். இதயப்புழு வேற விஷயம், அதுல இருமல் வரும்.

சாம்பல்வால்:
@அரைத்தூக்கம் நாக்கைத் தூக்கிப் பாருங்கன்னு சுலபமா சொல்லிட்டீங்க. என் கையை வந்து பாருங்க.

மீசைக்காரி:
@தோட்டத்துப்புலி எங்களது வாசல் தாண்டியதே இல்லை. மலமும் பார்த்தாச்சு, புழு மருந்தும் கொடுத்தாச்சு, போதுமா? இப்போ மாத்திரையைக் குறைத்து இன்ஹேலருக்கு மாறச் சொல்கிறார்கள். மாஸ்க்கைக் கண்டாலே அலமாரி மேல் ஏறிவிடுகிறது. பழக்கினவங்க யாராவது இருக்கீங்களா?