ஒரு இன்வெர்ட்டர் விழுந்ததும் ரோட்டார் பக்கவாட்டில் இழுபட்டது: உங்கள் பெஞ்சில் பார்த்ததுண்டா?

ஏர்கேப்:
ஸ்டேட்டரின் சுற்றளவை மூன்று செக்டராகப் பிரித்துச் சுற்றிய நிரந்தரக் காந்த மோட்டார். 18 ஸ்லாட் (காயில் உட்காரும் பள்ளம்), 6 போல் (காந்த முனை), செக்டருக்கு ஒரு த்ரீ-ஃபேஸ் வைண்டிங், தனித்தனி இன்வெர்ட்டர், ஸ்டார் பாயிண்ட்டும் தனி. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆரவிசைக் (ரோட்டாரைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை) கட்டுப்பாட்டுக்கு ஆராய்ந்த அதே அமைப்புதான். 3000 ஆர்பிஎம், லோடில் ஓடும்போது ஓவர்-கரண்ட் ட்ரிப்பில் ஒரு இன்வெர்ட்டர் விழுந்தது. டார்க் மூன்றில் இரண்டானது, அது எதிர்பார்த்ததே. ஷாஃப்ட்டின் நகர்வை அளக்கும் ப்ராக்ஸிமிட்டி ப்ரோப் இரண்டையும் எக்ஸ்-ஒய்யில் காட்டிய ஸ்கோப்பைப் பார்த்தால், நடுவிலிருந்த சின்ன வட்டம் ஒரு பக்கமாக நகர்ந்து அங்கேயே நின்றுவிட்டது. கோடும் தடித்துப் போனது. தடிப்பின் அதிர்வெண் 300 ஹெர்ட்ஸ், அதாவது மின் அதிர்வெண் 150இன் இருமடங்கு.

காரணம் புரிகிறது. மூன்று செக்டரின் விசைகளும் 120 டிகிரி இடைவெளியில் நின்று ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. ஒன்று போனதும், போனதற்குச் சமமான விசை எதிர்த்திசையில் மிஞ்சுகிறது. டார்க் சென்ஸாரை மட்டும் பார்த்திருந்தால் இந்த இழுப்பு தெரிந்தே இருக்காது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஸ்லாட்12போல்10:
செக்டராகப் பிரித்ததுதான் வினை. மூன்று செட்டையும் சுற்றிலும் பரப்பிச் சுற்றியிருந்தால் ஒன்று விழுந்தாலும் பக்க இழுப்பே வராது. இங்கே ஓடிய 12 ஸ்லாட், 10 போல் டூயல் த்ரீ-ஃபேஸில் (இரண்டு த்ரீ-ஃபேஸ் செட்) எதிரெதிர் காயில்கள் ஒரே செட்டில்தான். ஒரு செட்டைத் துண்டித்தபோது ப்ரோப்பில் நகர்வே இல்லை. ஸ்டேட்டர் உடல்தான் கத்தியது. அங்கே 5ஆம் ஆர்டர் (ஒரு சுற்றில் ஐந்து முறை ஏறி இறங்கும்) காந்தப் புலமும் எதிர்த்திசையில் சுழலும் 7ஆம் ஆர்டரும் சேர்ந்து, மின் அதிர்வெண்ணின் இருமடங்கில் 2ஆம் ஆர்டர் விசை தருகின்றன. இரண்டு செட்டையும் ஒன்றுக்கொன்று 30 டிகிரி தள்ளிச் சுற்றினால் 1ஆம் ஆர்டர் போகும், 7 போகாது. ஒரு செட் விழுந்தால் அந்த 1ஆம் ஆர்டரும் திரும்பி வந்துவிடும்.

கேமேட்ரிக்ஸ்:
மேலே சொன்னது 12/10க்குச் சரி, 18/6க்குப் பொருந்தாது. 18 ஸ்லாட்டில் ஒரு போல் ஜோடிக்கு 6 ஸ்லாட்தான். ஃபேஸுக்கு ஒரு போகும் பக்கம், ஒரு வரும் பக்கம் என்று ஒரே த்ரீ-ஃபேஸ் செட்டோடு அது நிரம்பிவிடும். ஒன்பது ஃபேஸைச் சுற்றிலும் பரப்ப 54 ஸ்லாட் வேண்டும். அப்படிச் சுற்றினாலும் செட்டுகளுக்கிடையே காந்தப் பிணைப்பு கூடும், ஒன்றில் ஷார்ட் வந்தால் பக்கத்துக் காயிலும் சூடேறும். ரோட்டாரை வேண்டிய பக்கம் இழுக்கும் வசதியும் கிடையாது. 12/10ஐயே பாதி ஸ்டேட்டர் ஒரு செட், மறுபாதி இன்னொரு செட் என்று பிரித்துப் பாருங்கள், இழுப்பு வந்து நிற்கும்.

நான் பார்த்த கேஸும் ஏர்கேப் சொன்னதேதான். ட்ரிப்புக்குப் பிறகு மிஞ்சிய இரண்டு செக்டரிலும் பழைய க்யூ-அச்சு கரண்ட்டையே (டார்க் தரும் பகுதி) கன்ட்ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தது. அது தேவையே இல்லை. எக்ஸ் விசை, ஒய் விசை, டார்க் என்று கட்டுப்படுத்த வேண்டியவை மூன்று. மூன்று ஃபேஸை இரண்டு அச்சில் எழுதும் ஆல்ஃபா-பீட்டா கரண்ட், செக்டருக்கு இரண்டு வீதம், மொத்தம் ஆறு. ஒன்று போனாலும் நான்கு இருக்கிறது. அந்த நான்கையும் இந்த மூன்றோடு இணைக்கும் 3×4 அணியின் சூடோ இன்வர்ஸை (சதுரமல்லாத அணிக்கான தலைகீழ்) எடுத்தால் இழுப்பைப் பூஜ்யமாக்கிக்கொண்டே காப்பர் லாஸ் குறைந்த கரண்ட் கிடைக்கும். இரண்டு செக்டர் போனால் மிச்சம் இரண்டு கரண்ட்தான், மூன்றையும் பிடிக்க முடியாது, நிறுத்திவிடுங்கள். டார்க்கைக் குறைக்காமல் ஓட்ட நினைத்தால் கரண்ட் ஒன்றரை மடங்கு, அந்தக் காயில்களில் லாஸ் 2.25 மடங்கு. இழுப்பை அழிக்கும் கரண்ட் அதற்கு மேல்.

அந்த அணியை எஃப்ஈஏவில் (மோட்டாரைச் சின்னத் துண்டுகளாக, அதாவது மெஷ்ஷாக, பிரித்துக் கணினியில் கணிப்பது) மட்டும் எடுத்து நம்பாதீர்கள், அளந்துவிடுங்கள். ரோட்டாரைப் பூட்டி, எக்ஸிலும் ஒய்யிலும் லோட் செல் வையுங்கள். ஒரு செக்டரின் ஒரு அச்சுக்கு மட்டும் டிசி கொடுத்து, 2 டிகிரி படியில் 120 டிகிரி வரை திருப்புங்கள். ஸ்லாட் பிட்ச் 20 டிகிரி. 5 டிகிரி படியில் போனால் பிட்ச்சுக்கு நாலு புள்ளிதான், ஸ்லாட் ஏற்ற இறக்கம் தப்பிவிடும். ஒவ்வொரு புள்ளியிலும் கரண்ட்டை நேராக ஒரு முறை, தலைகீழாக ஒரு முறை கொடுத்து, இரண்டு அளவின் வித்தியாசத்தில் பாதியை எடுங்கள். ரோட்டார் மையம் தப்பியிருப்பதால் வரும் இழுப்பும், கரண்ட்டின் வர்க்கத்தோடு போகும் பகுதியும் அதிலேயே கழிந்துவிடும்.

அடுத்தது கோணம். என்கோடர் 1 டிகிரி தவறினால் மின் கோணம் 3 டிகிரி தவறும், விசையில் சுமார் 5 சதவீதம் அடுத்த அச்சுக்குக் கசியும். 10 கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்சிங்கில் ஒன்றரை சாம்பிள் தாமதம் 150 மைக்ரோசெகண்ட். 150 ஹெர்ட்ஸில் அதுவே 8 டிகிரி. இந்த இரண்டையும் திருத்தாமல், 300 ஹெர்ட்ஸ் அதிர்வை ரோட்டாரை மையத்தில் நிறுத்தும் பொசிஷன் லூப்பின் கெயினைக் கூட்டி அடக்கப் பார்ப்பவர்கள் லூப்பையே ஆட்டிவைத்துவிடுகிறார்கள்.

மெஷ்:
எஃப்ஈஏவை அவ்வளவு ஒதுக்க வேண்டாம். ஏர் கேப்பில் (ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையிலுள்ள இடைவெளி) ஒரே லேயர் மெஷ் போட்டு எடுத்த விசை ஒன்று வந்தது. நோ-லோடிலேயே ரோட்டாரில் பக்க இழுப்பு காட்டியது. சமச்சீரான 18/6இல் அது வரவே கூடாது. குறைந்தது மூன்று லேயர் போட்டு நடு லேயரில் எடுத்தால் அது போய்விடும். 0.8 டெஸ்லா இருக்கும் இடத்தில் அழுத்தம் சுமார் 255 கிலோபாஸ்கல். தேடும் பக்க விசை இந்தப் பெரிய எண்கள் கழிந்து மிஞ்சும் சிறு மிச்சம்தான், மெஷ் பிழை அங்கேதான் தலைதூக்கும்.

ஏர்கேப்:
கேமேட்ரிக்ஸ், லோட் செல்லை ஷாஃப்ட்டின் ஒரு முனையில் மட்டும் வைத்தால் போதுமா, இரு முனையிலுமா? ஒரு முனை பேரிங்கிலேயே இருந்தால் விசையில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளுமே.

கேமேட்ரிக்ஸ்:
இரு முனையிலும். பேரிங் ஹவுசிங்கை லோட் செல் மேலேயே உட்கார வையுங்கள், இரண்டு முனை அளவையும் கூட்டுங்கள்.