கேடயத்தில் ‘வாகையர்’ என்று அடிக்கலாமா?

கேள்வி: ரைட்கார்னர்
ஊர்ப் பொங்கல் கபடிக்குக் கேடயம் செய்யக் கொடுக்கணும். வருஷாவருஷம் ‘சாம்பியன்’தான். இந்தத் தடவை தமிழில் போடுவோம்னு கூட்டத்தில் வாயைக் கொடுத்தேன், வேலை என் தலையில் விழுந்துவிட்டது. சித்தப்பா ‘வெற்றி வாகை சூடியோர்’ என்கிறார். தகடு ஆறு அங்குலம், அடங்காது என்கிறார் கடைக்காரர். ‘வாகையர்’னு சுருக்கலாமா? வாகை ஒரு பூதானே, அதற்கும் ஜெயிப்பதற்கும் என்ன சம்பந்தம்?

பழைய வாத்தியார்
போடலாம் தம்பி. ‘வெட்சி நிரை கவர்தல்’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்களே, அதன் கடைசி வரி ‘செரு வென்றது வாகையாம்’. போரில் வென்றவன் சூடிய பூ அது. பூவைச் சொன்னாலே வெற்றிதான், ஆகவே ‘வெற்றி வாகை’ கூறியது கூறல். (சித்தப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.)

ஆனால் தொல்காப்பியர் இதைப் போரோடு நிறுத்தவில்லை. அவரவர் தத்தம் துறையில் மிகுந்து விளங்குவதே அவருக்கு வாகை. உழவர் நெற்களத்தில் காணும் சிறப்பையும் போர்க்களத்து வென்றியையும் ஒரே நூற்பாவில் சேர்த்து வைக்கிறார். அறுத்த வயலில் கபடி ஆடுகிற உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? 2024 டிசம்பரில் உலகச் சதுரங்கப் பட்டத்துக்காக குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்றதும் வாகைதான், அங்கே ஒரு சொட்டு ரத்தமும் சிந்தவில்லை.

இன்னொன்று. சங்ககாலக் குறுநில மன்னன் நன்னனின் காவல்மரமே (அரசின் அடையாளமாகக் காக்கப்பட்ட மரம்) வாகை. சேர மன்னன் நார்முடிச் சேரல் அவனை வென்று அந்த மரத்தையே வெட்டிச் சாய்த்ததைப் பதிற்றுப்பத்து பாடுகிறது. வாகையை வைத்திருந்தவன் தோற்றான்!

நாற்றங்கால்
மரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். தூங்குமூஞ்சி மரத்தைக் காட்டி வாகை என்பவர்கள் அதிகம். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, பூ இளஞ்சிவப்பு. நம் வாகைப்பூ வெளிர்மஞ்சளும் பச்சையும் கலந்த மகரந்தக் குஞ்சம், நல்ல மணம். கோடையில்தான் பூக்கும். மாலை கட்டிப் போடலாம்னு நினைத்திருந்தால் விட்டுவிடுங்கள், தையில் மரத்தில் காய்ந்த நெற்றுதான் தொங்கும். காற்றடித்தால் கலகலவென்று ஒரு சத்தம். கழைக்கூத்தாடிகளின் பறை மாதிரி என்று குறுந்தொகையில் இருக்கிறது. எங்கள் நர்சரி வாசலில் தினமும் கேட்கிறேன், சரியான உவமை.

இலத்தீன் பித்தன்
‘சாம்பியன்’ மட்டும் சும்மா வந்ததா? இலத்தீனில் ‘காம்புஸ்’ என்றால் வெளி, களம். களத்தில் இறங்கிச் சண்டையிடுகிறவன் ‘காம்பியோ’. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் பிறருக்காகச் சண்டை போடுகிறவனையும் அப்படித்தான் சொன்னார்கள், ஜெயித்தவன் என்ற பொருள் பிறகு ஏறியது. கபடிக்காரனுக்கு அதுவும் பொருந்தும்தான், என்றாலும் என் ஓட்டு வாகையருக்கே.

ரைட்கார்னர்
எல்லோருக்கும் நன்றி. ‘வாகையர்’ என்றே கொடுத்துவிட்டேன், தகட்டில் இடம்கூட மிச்சம். நெற்களத்து விஷயத்தைச் சித்தப்பாவிடம் சொன்னேன். “அப்போ ரெண்டாவது வந்தவனுக்கு என்ன பூ?” என்கிறார். வாத்தியார் ஐயா, அதையும் கொஞ்சம் பாருங்களேன். வெள்ளிக்கிழமைக்குள் கடைக்காரருக்குச் சொல்லணும்.