முதல் பைக்: குறைந்த பணத்தில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஓட்டுநர் உரிமம் பெற்று இரண்டு மாதங்களே ஆகின்றன. பயிற்சியில் ஓட்டிய 125 சி.சி. வண்டியைத் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை. கையில் இருக்கும் தொகைக்குப் புதிய 125 சி.சி. வண்டி ஒன்றை வாங்கலாம். அதே தொகைக்கு ஏழு ஆண்டுகள் ஓடிய 300 சி.சி. வண்டி ஒன்றும் விலைக்கு வந்திருக்கிறது. தினமும் வேலைக்குப் போய்வர 20 கி.மீ. ஓட்டுவேன், நெடுஞ்சாலைப் பயணம் எப்போதாவதுதான். என் உயரம் 163 செ.மீ. அந்த 300 சி.சி. வண்டியில் உட்கார்ந்து பார்த்தபோது இரு கால்களின் விரல் நுனி மட்டுமே தரையில் பட்டது. "ஓட்ட ஓட்டப் பழகிவிடும், சின்ன வண்டி ஆறு மாதத்தில் சலித்துவிடும்" என்கிறார்கள் நண்பர்கள். அவர்கள் சொல்வதை நம்பலாமா?

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. 300 சி.சி. என்றாலே புதியவருக்கு ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். ஐரோப்பிய நாடுகளின் ஏ1 உரிமம் 125 சி.சி.யோடும் 11 கிலோவாட் எஞ்சின் திறனோடும் நின்றுவிட்டாலும், அடுத்த படியான ஏ2 உரிமம் 35 கிலோவாட் வரை அனுமதிக்கிறது. பெரும்பாலான 300 சி.சி. வண்டிகள் அதற்குள் அடங்கிவிடும். உங்கள் விஷயத்தில் இடிப்பது அந்த விரல் நுனிதான்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கால் எட்டாதது ஒரு பொருட்டே இல்லை. நிற்கும் தறுவாயில், குறுகிய இடத்தில் திருப்பும்போது, மணல் படிந்த ஓரத்தில் கால் ஊன்றும்போதுதான் அது தெரியவரும். ஹேண்டில்பார் முழுவதும் திரும்பியிருக்கையில் முன்பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் வண்டி திரும்பிய பக்கமே சாயும். அந்த நொடியில் பாதம் முழுவதும் தரையில் இருந்தால் தாங்கிவிடலாம், விரல் நுனியால் முடியாது. என் முதல் வண்டி 190 கிலோ. வாங்கிய மூன்றாம் வாரம், சற்றே சரிவான இடத்தில் நிறுத்தப் போனபோது, ஊன்றிய இடது கால் பள்ளத்தில் இறங்கிவிட, வண்டி மெல்லச் சாயத் தொடங்கியது. பாதி சாயும்வரை பிடித்திருந்தேன்; அதற்குமேல் கை விட்டுவிட்டது. கிளட்ச் லீவர் நுனி ஒடிந்தது, டேங்கில் பள்ளம் விழுந்தது. அதைச் சரிசெய்ய ஆன செலவை மறந்துவிட்டேன், ஆனால் அடுத்த இரண்டு மாதங்கள் சரிவைக் கண்டாலே வயிற்றைக் கலக்கியதை இன்னும் மறக்கவில்லை. ஆகவே குறைந்தது ஒரு பாதமாவது முழுமையாகத் தரையில் படும் வண்டியாகப் பாருங்கள். விவரப் பட்டியலில் சி.சி.க்கு முன்பாக இருக்கை உயரத்தையும், பெட்ரோல் நிரப்பிய நிலையில் உள்ள எடையையும் படியுங்கள்.

அடுத்தது ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கையில் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்தின் மேல் ஏறுவதால் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்பிரேக்கினுடையது. பதற்றத்தில் புதியவர் அதை இறுக்கிப் பிடித்துவிட, சக்கரம் பூட்டிக்கொண்டால் விழுவது பெரும்பாலும் நிச்சயம். ஏபிஎஸ் அந்தப் பூட்டலைத்தான் தடுக்கிறது. வளைவில் சாய்ந்திருக்கும்போது சாதாரண ஏபிஎஸ்ஸை முழுமையாக நம்பிவிட முடியாது என்றாலும், நேர்ச்சாலையில் அது காப்பாற்றும். ஒரே விலையில் ஏபிஎஸ் உள்ள சிறிய வண்டியும் இல்லாத பெரிய வண்டியும் கிடைத்தால் நான் யோசிக்காமல் சிறியதையே எடுப்பேன்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: முழுத்தொகையையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். தலைக்கவசம், கையுறை, கணுக்காலை மூடும் காலணி, காப்பீடு ஆகியவற்றுக்கான பணத்தை முதலில் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியில் வண்டியைத் தேடுங்கள். தலைக்கவசத்தைப் பட்டை மாட்டிய நிலையில் பின்பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் தலைக்கானது அன்று. வண்டியைப் பழையதாக வாங்கலாம், தலைக்கவசத்தை ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள். எத்தனை முறை அடிபட்டிருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது.

மறுமொழி 3

பழைய வண்டி பார்க்கப் போகிறீர்கள் என்றால், நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் பாதி உண்மை இருக்கிறது. புகை நீலநிறத்தில் வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் ஆயில் சீல் போய்விட்டது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் சிக்கி நின்றால் ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங் தேய்ந்திருக்கிறது. செயின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் முழு செட்டையும் மாற்றவேண்டி வரும். லீவர் நுனியிலும் கால்மிதியின் ஓரத்திலும் உள்ள உராய்வுகள், வண்டி எந்தப் பக்கம் விழுந்தது என்பதைச் சொல்லிவிடும். சேஸிஸ் எண், ஆவணத்தில் உள்ளதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப்போக வேண்டும். இதில் மட்டும் எந்தச் சமாதானத்தையும் ஏற்காதீர்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று போயிருந்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லியும் எஞ்சின் சூடாகவே இருந்தது. இரு டயர்களிலும் 1418 என்று இருக்கிறது. வாங்கியபோது வந்த டயர்களே இன்னும் ஓடுகின்றன, ரப்பர் இறுகிப்போய் நகம்கூடப் பதியவில்லை. இரண்டு டயர்கள், செயின் செட், ஃபோர்க் சீல் எனக் கணக்குப் போட்டபோது விலைக்குறைவு என்று நினைத்த தொகை கரைந்துவிட்டது. இப்போது மூன்று ஆண்டுகள் ஓடிய 150 சி.சி. வண்டி ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும் உண்டு, இருக்கை உயரம் 790 மி.மீ. இதைப் பார்க்கலாமா?

மறுமொழி 1

தாராளமாகப் பாருங்கள். முன்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் இருந்தாலும் உங்கள் அன்றாட ஓட்டத்துக்குப் போதும். தினமும் அணியப்போகும் காலணியோடு போய் உட்காருங்கள். இருக்கையின் அகலமும் கால் எட்டுவதைத் தீர்மானிப்பதால் மி.மீ. கணக்கை மட்டும் நம்பவேண்டாம். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே காலால் பத்தடி பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அது இடறாமல் வந்தால் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள்.