ரிச்மண்ட்ல வீடு, ஃப்ளட் இன்சூரன்ஸ் வேணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம். டெக்சாஸ் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில, முக்கியமா பிராசோஸ் ஆத்துப் பக்கம் சொந்த வீடு வச்சிருக்கவங்க கொஞ்சம் உதவுங்க. ரிச்மண்ட்ல ஒரு வீடு பாத்து கிட்டத்தட்ட முடிவு பண்ணிட்டோம், லெவிக்கு (ஆத்து வெள்ளத்தத் தடுக்குற கரை) உள்ள இருக்கு, ஃபீமா (பேரிடர் பாத்துக்குற அமெரிக்க அரசு ஏஜென்சி) மேப்ல ஸோன் எக்ஸ், அதாவது வெள்ள அபாயம் கம்மின்னு குறிச்ச ஏரியா, அதனால பேங்க்ல ஃப்ளட் பாலிசி கட்டாயம்னு சொல்லல, ஏஜென்ட்டும் தேவையில்லங்குறாரு. எனக்குதான் மனசு கேக்கல. 2017ல ஹார்வி புயல் வந்தப்போ லெவி இருந்த ஏரியாவுலயும் ஆளுங்கள வெளியேறச் சொன்னாங்க. ஆறு ஏறிட்டா லெவியில தண்ணி வெளிய போற கேட்டை மூடிடுவாங்க, உள்ள பெய்ற மழைய பம்ப் வச்சுதான் வெளிய தள்ளணும், பம்ப் தாங்கலன்னா என்ன பண்றது? இன்னொன்னு, கராஜ் சுவத்துல கீழ்ப்பக்கம் மட்டும் ஷீட்ராக் (சுவர்ப் பலகை) புதுசா தெரியுது, பெயின்ட்டும் வேற ஷேடு. விக்கிறவங்க எழுதிக் குடுத்த டிஸ்க்ளோஷர்ல தண்ணி வந்ததில்லன்னு போட்டிருக்கு. பழைய ஃப்ளட் க்ளெய்ம் இருந்துச்சான்னு வாங்குறவங்க எப்படி செக் பண்றது?

சாதாரண ஹோம் இன்சூரன்ஸ் வெள்ளத்துக்கு வராதுன்னு தெரியும். கவர்மென்ட் ஃப்ளட் பாலிசி வீட்டுக்கு அதிகபட்சம் 250,000 டாலர், சாமானுக்குத் தனியா 100,000. லோன் க்ளோசிங்கோட சேத்து எடுத்தா, பாலிசி அமலுக்கு வர்றதுக்கான 30 நாள் வெயிட்டிங் கிடையாதாம், அதனால இப்பவே முடிவு பண்ணணும். ஸோன் எக்ஸ்ல இருக்கவங்க வருஷத்துக்கு எவ்வளவு கட்டுறீங்க, பிரைவேட் பாலிசி எடுத்தவங்களுக்கு க்ளெய்ம் ஒழுங்கா கிடைச்சுதா? அப்பா அம்மா கீழ் ரூம்லதான் இருப்பாங்க, அதான் இவ்வளவு கேக்குறேன். ஹார்வியில க்ளெய்ம் பண்ணவங்க யாராச்சும் இருந்தா கண்டிப்பா எழுதுங்க.